வடசென்னை நீர்வழி வரலாறு – 11: நடந்து பார்க்கும் நிலம்

1077-ஆம் ஆண்டு சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று சீனத்தின் சோங் அரசவைக்கு வந்ததாக அந்த அரசின் குறிப்புகள் சொல்கின்றன. முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தூதர்கள் கொண்டுபோன காணிக்கைக்கு ஈடாக 81,800 சரம் செப்புக்காசு கிடைத்தது என்ற கணக்கும் பதிவாகியிருக்கிறது. கடல் வணிகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு அடுத்த தூதுக்குப் போய்விடுவார்கள். நீர்வழிகளைப் பற்றிய இந்தத் தொடருக்கோ, தூதர்கள் போய்ச் சேர்ந்த ஊர்தான் முக்கியம். தலைநகர் கைஃபெங் ஒரு கால்வாய் நகரம். தெற்கின் நெல் வயல்களிலிருந்து பியன் கால்வாய் வழியாக வந்த படகுகளே அந்த ஊருக்குச் சோறு போட்டன. அப்போது ஆட்சியில் இருந்தவர் ஷென்ஸோங் பேரரசர். தூதர்கள் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1072-இல், அவருடைய அரசவை ஓவியர் குவோ ஷி ‘இளவேனில் தொடக்கம்’ என்ற நிலக்காட்சியைத் தீட்டியிருந்தார். சீன ஓவிய வரலாற்றில் அதற்கு நிகராக வைக்கத்தக்க படங்கள் மிகச் சில. கால்வாயால் வாழ்ந்த ஒரு நகரம் நிலத்தைப் பார்க்கும் கலையை உச்சிக்குக் கொண்டுபோன அதே தலைமுறையில், தமிழகத்துத் தூதர்கள் அந்த அரசவையில் நின்றிருக்கிறார்கள்.

கொக்ரேனின் கால்வாய் 1806-இல் எண்ணூரை எட்டியதையும், பிறகு அது வடக்கிலும் தெற்கிலும் நீண்டு பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழியானதையும், 1878-இல் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றதையும் கடந்த பகுதிகளில் பார்த்தோம். அந்தக் கால்வாயும் அதன் மேற்குக் கரையில் இருக்கும் வியாசர்பாடியும் எப்படிப் பார்க்கப்பட்டன என்ற கேள்வியை இப்போது எடுத்துக்கொள்வோம். என் வாதம் இதுதான்: வடசென்னை போன்ற நீண்ட, தட்டையான, உழைப்பால் தேய்ந்த நிலம் ஓரிடத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குப் பிடிபடாது. அதைப் போகப்போகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் கண்ணை முறையாக வளர்த்தெடுத்தது சீன நிலக்காட்சி ஓவியம். இருபதாம் நூற்றாண்டில் கிழக்காசிய ஓவியத்தின் செல்வாக்கு சென்னைக்கும் வந்தது; வரும்போது அதன் பனிமூட்டத்தைக் கொண்டுவந்தது, பாதையைக் கொண்டுவரவில்லை. அந்த இழப்பின் விலையை இந்தக் கால்வாய்க்கரை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கலை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ‘இளவேனில் தொடக்கம்’ பட்டின் மேல் மையால் தீட்டியது. உயரம் 158.3 சென்டிமீட்டர், அகலம் 108.1. இன்று தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் பார்வைக்குத் தெரிவது நடுவில் முறுக்கிக்கொண்டு எழும் மலையும் அதன் இடுப்பைச் சுற்றிய பனியும். ஐரோப்பிய ஓவியத்தில் பழகிய கண், தொடுவானம் எங்கே, பார்க்கிறவர் நிற்கும் இடம் எங்கே என்று தேடும். இரண்டும் அகப்படாது. கீழே, இடது ஓரத்தில், படகிலிருந்து இறங்கும் சின்னஞ்சிறு மனிதர்கள். வலது ஓரத்தில் ஒரு மீனவர். அங்கிருந்து கண் மேலே ஏறினால் அருவி. அதற்கும் மேலே பாறைகளின் அணைப்பில் கோயில் கூரைகள். உச்சியை அண்ணாந்தும், இடப்பக்கப் பள்ளத்தாக்கைக் கிட்டத்தட்ட நேராகவும், நடுப்பாறைகளைச் சற்று மேலிருந்தும் பார்க்கிறோம். குவோ ஷியின் கருத்துகளை அவர் மகன் நூலாகத் தொகுத்தார். அதில் மூன்று வகைத் தொலைவுகள் வருகின்றன: அடியிலிருந்து உச்சியை நோக்கும் உயரத் தொலைவு, முன்மலையைத் தாண்டிப் பின்மலையை எட்டிப் பார்க்கும் ஆழத் தொலைவு, அருகிலிருந்து தூரத்துக்குப் பரந்து போகும் சமத் தொலைவு. பார்த்துவிட்டுக் கடக்கும் நிலத்தைவிட, உள்ளே உலாவவும் தங்கி வாழவும் தோன்றுகிற நிலமே வரையத் தகுந்தது என்பதும் அவர் முடிவு. ஆகவே இந்த ஓவியங்களை ரசிப்பது என்றால் உள்ளே நுழைவது. படகிலிருந்து இறங்கும் அந்தச் சிறிய ஆளோடு சேர்ந்து நாமும் இறங்கி, அவர் போகும் வழியிலேயே மேலேற வேண்டும்.

இங்கேயே முதல் மறுப்பு எழும். மலையும் அருவியும் இருக்கிற நாட்டுக்கு அது சரி. கடல் மட்டத்தையொட்டிக் கிடக்கும் வியாசர்பாடிக்கு அதில் என்ன இருக்கிறது? இதற்கு விடை கைஃபெங்கிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்துக் கால்வாய்க்கரையை ஜாங் ஜெதுவான் ஒரு நீள்சுருளில் தீட்டினார். சிங்மிங் திருநாளின் பெயரால் அறியப்படும் அந்தச் சுருளின் உயரம் வெறும் 24.8 சென்டிமீட்டர், நீளம் 528.7. மலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. சமத் தொலைவு மட்டுமே. இத்தகைய சுருளைச் சுவரில் மாட்டி முழுதாகப் பார்ப்பது வழக்கமில்லை. மேசையில் வைத்து இடக்கையால் அவிழ்த்து, வலக்கையால் சுருட்டி, ஒரு முழம் ஒன்றரை முழமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே சுமை ஏற்றிய கழுதைகள் வருகின்றன. பிறகு குடிசைகள், கரையில் கட்டிய படகுகள், மூட்டை இறக்குகிற ஆட்கள். சுருளின் நடுப்பகுதியில் வளைந்த மரப்பாலம். ஒரு பெரிய படகு அதை நெருங்கிவிட்டது, பாய்மரம் இன்னும் முழுதாகச் சாயவில்லை. படகுக்காரர்கள் பரபரக்கிறார்கள், நீண்ட கழிகளை ஊன்றுகிறார்கள், பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்த கூட்டம் கை நீட்டிக் கத்துகிறது, ஒருவர் கயிறு வீசுகிறார். இத்தனையும் ஒரு சாண் உயரத்துக்குள். மலையில்லாத ஊர், சரக்குப் படகு, கூலியாட்கள், பாலத்தடி நெரிசல் என்று நம் பேசின் பிரிட்ஜ் விறகும் உப்பும் இறங்கிய காலத்தில் எப்படி இருந்திருக்குமோ, அதற்குச் சீன ஓவிய மரபில் நேரான இணை இருக்கிறது.

சுருள் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. படம் முடிந்த இடத்தில் அது முடிவதில்லை. பின்னால் வந்தவர்கள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் அதன் வாலில் எழுதிச் சேர்ப்பார்கள், முத்திரை பதிப்பார்கள். 1127-இல் கைஃபெங் வீழ்ந்தது. 1186-இல் ஒருவர் இந்தச் சுருளின் இறுதியில் எழுதிய குறிப்புதான் ஓவியர் ஜாங் ஜெதுவான் என்பதை நமக்குத் தெரிவிக்கிறது. ஓவியர் ஹுவாங் கோங்வாங் 1350-இல் தன் கையெழுத்தைச் சேர்த்த ஃபுசுன் மலைச் சுருளின் கதை இன்னும் கடுமையானது. 1650-இல் அதன் உரிமையாளர் சாகும் தறுவாயில் அதைத் தீயில் போடச் செய்தார். உறவினர் ஒருவர் தீயிலிருந்து எடுத்துவிட்டார். எரிந்த சுருள் இரண்டு துண்டானது. சிறு துண்டு ஜெஜியாங் மாநில அருங்காட்சியகத்தில், பெரியது தைபேயில். 2011-இல் தைபேயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒரு நிலத்தைப் பார்ப்பது என்பது அதற்கு நேர்ந்தவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்று இந்த மரபு வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கரிந்த ஓரத்தை மறைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

சென்னைக்கு நிலத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் வேறு வழியில் வந்தவர்கள். தாமஸ் டேனியல், அவர் உடன்பிறந்தவரின் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792-இல் தென்னிந்தியப் பயணத்தைத் தொடங்கினார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப்படங்களில் சென்னையும் உண்டு: கோட்டை, அரசு மாளிகை, கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி. காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டறைக் கருவியின் துணையோடு வரைந்த துல்லியமான படங்கள் அவை. நிற்கும் இடம் ஒன்று, தொடுவானம் ஒன்று. கட்டடம் பெரிதாக இருந்தால் படத்துக்கு மையம் கிடைத்துவிடும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி பின்னாளில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிலைபெற்றது. அங்கே கற்பிக்கப்பட்ட வரைகலையும் அந்த ஒற்றைப் புள்ளி இலக்கணத்தையே அடிப்படையாகக் கொண்டது. இந்த முறை தவறானது என்று நான் சொல்லவில்லை. கோட்டையையும் கோபுரத்தையும் காட்ட இதைவிடச் சிறந்த முறை கிடைப்பது அரிது. ஆனால் கோட்டையும் கோபுரமும் தலைதூக்காத நிலத்தை இந்த முறை மையமற்ற நிலம் என்று ஒதுக்கும். 1876-இல் பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை எழுந்தபோதும், அதைச் சுற்றி வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகியபோதும், ஓவியத்தில் நிற்கத் தகுந்த ‘காட்சி’யாக அவை கருதப்படவில்லை.

கிழக்குக் காற்று சென்னைக்கு வந்தது 1929-இல். அந்த ஆண்டு தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியப் பள்ளியின் தலைவரானார். அவர் அபனீந்திரநாத் தாகூரின் மாணவர். அபனீந்திரநாத்தோ, 1903-இல் ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா கல்கத்தாவுக்கு அனுப்பிய யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற ஜப்பானிய ஓவியர்களோடு பழகி, வண்ணத்தைக் கழுவிக் கழுவி மங்கலாக்கும் முறையை உருவாக்கியவர். ஆக, சீனத்தில் பிறந்து ஜப்பானில் மாறி வங்கத்தில் இன்னொரு முறை மாறிய ஒரு பார்வை இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. 1936-இல் அங்கே சேர்ந்த கே.சி.எஸ். பணிக்கர் நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான் முதலில் பெயர் பெற்றார். 1957-இல் பள்ளியின் தலைவரானார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். இந்தச் சங்கிலியின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழியில் என்ன கைமாறியது, என்ன நழுவியது என்று பார்க்க வேண்டும். கைமாறியது ஈரம், மங்கல், மனநிலை. நழுவியது நீள்சுருளின் அமைப்பு, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக விரியும் பாதை. நிலக்காட்சி சட்டமிட்ட ஒற்றைத் தாளிலேயே தங்கிவிட்டது. உழைப்பைப் பற்றிய ராய் சௌத்ரியின் மகத்தான படைப்பும் மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலைதான்; நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கும் ஒற்றைக் கணம்.

பாதையும் வந்திருக்கலாம் என்பதற்குச் சாந்திநிகேதனே சாட்சி. 1924-இல் ரவீந்திரநாத் தாகூரோடு சீனம் சென்ற நந்தலால் போஸ் அங்குள்ள ஓவியங்களை நேரில் கண்டு திரும்பினார். அதே ஆண்டில் அவருடைய மாணவர், இருபது வயது வினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனைச் சுற்றிய நிலத்தை 44 அடிக்கு மேல் நீளும் ஒரு சுருளாகத் தீட்டினார். பிறவியிலேயே பார்வை குறைந்தவர் அவர். பிற்காலத்தில் முற்றிலும் பார்வை இழந்தார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். வினோத் பிஹாரி தம் சுருள்களில் வரைந்த நிலம் மலைநாடு அல்ல. மழை அரித்த செம்மண் பள்ளங்கள், தனித்து நிற்கும் பனைகள், ஆளற்ற வெளி. ‘இங்கே வரைய என்ன இருக்கிறது’ என்று யாரும் கேட்கக்கூடிய நிலம். சுருள் அதை விரியவிரியச் சொல்லுமளவுக்குப் பொருளுள்ள நிலமாக்கியது. 1939-இல் சீன ஓவியர் ஷூ பெய்ஹோங் அங்கே வந்து தங்கியது வரை சீனத்தோடு அந்த ஊருக்கு உயிருள்ள தொடர்பு இருந்தது. சென்னைக்கு அந்தத் தொடர்பு இரண்டாம் கைமாற்றாகவே வந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் அதுதான் என்று கருதுகிறேன்.

இப்போது அந்தக் கண்ணோடு நம் கால்வாய்க்கு வருவோம். பேசின் பிரிட்ஜில் அவிழ்க்கத் தொடங்கினால் முதல் முழத்தில் ரயில் தடங்கள், மின் நிலையம். அடுத்து மேற்கே வியாசர்பாடி, கிழக்கே கொருக்குப்பேட்டை. ஊர்க் கழிவையெல்லாம் சுமந்து வந்து சேரும் கேப்டன் காட்டன் கால்வாய். நீர் தெரியாதபடி மூடிய ஆகாயத்தாமரை. இன்னும் அவிழ்த்தால் கொடுங்கையூர்க் குப்பைமேடு, இந்தச் சுருளில் தென்படும் ஒரே மலை. பிறகு மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் அதன் புகைபோக்கியில் எரியும் தீயும். அப்பால் உப்பளங்கள், சாம்பல் படிந்த நீர், 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், கொசஸ்தலையாற்று முகத்துவாரம். இவற்றில் எதையும் தனியாகப் படமெடுக்கலாம்; எடுத்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது காரணம் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து வெளியான எண்ணெய் இந்தக் கால்வாய் வழியாகவே எண்ணூர் முகத்துவாரம் வரை போய்ப் படர்ந்தது. முகத்துவாரத்தில் நின்றவர்கள் விளைவைக் கண்டார்கள். காரணம் சுருளில் சில முழம் பின்னால் இருந்தது. பாதையோடு போகிற பார்வைக்குத்தான் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும்.

நமக்கே திணை மரபு இருக்கும்போது சீனத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நிலத்தையும் மனத்தையும் பிரிக்காமல் வைத்த மரபு நம்முடையது. உப்பு வண்டியோடு உமணர் போகும் நெய்தலை எண்ணூர் உப்பளத்தில் இன்றும் அடையாளம் காணலாம். ஆனால் திணை, நிலத்தை வகைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிப்பொருளைக் கொடுக்கிறது. அதன் வலிமை செறிவில் இருக்கிறது. மனிதர் வெட்டிய கால்வாயும், ஆலையும், குப்பைமேடும், உப்பளமும் வகை கடந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் நிலத்தை வரிசையாகத் தொடர்ந்து போக இன்னொரு கருவி வேண்டும். 72 பேரைக் கைஃபெங்குக்கு அனுப்பிய நாடு, அங்கிருந்து ஒரு பார்வையை வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சீன நிலக்காட்சி படித்த அதிகாரிகளின் கலை. வரியும் பஞ்சமும் கண்ணில் படாத மலைக்குள் ஒதுங்கிக்கொள்ள அவர்கள் கண்ட வழி. அதை ஓர் உழைக்கும் மக்கள் பகுதிக்குக் கொண்டுவருவது பொருந்துமா? இதில் பாதி உண்மை. டோங் சிசாங் போன்ற பிற்காலக் கோட்பாட்டாளர்கள் ஓவியர்களை இரு மரபாகப் பிரித்து, தொழில்முறை ஓவியர்களைக் கீழே வைத்தார்கள். பின்னாளின் ரசனையை இந்தப் பாகுபாடு வெகுகாலம் ஆட்டிவைத்தது. மற்ற பாதிக்கு 1074-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். ‘இளவேனில் தொடக்கம்’ தீட்டி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வறட்சியில் ஊரைவிட்டு வந்த மக்கள் கைஃபெங் வாயில் வழியாக வந்துகொண்டிருந்தார்கள். அந்த வாயிலைக் காத்த சிறு அதிகாரி ஜெங் ஷியா, தான் கண்டதை ஓவியமாக்கி, அவசர அஞ்சல் வழியாக அதே ஷென்ஸோங் பேரரசரின் கைக்குச் சேர்த்தார். அரசர் புதிய வரிக் கொள்கைகளை நிறுத்திவைத்தார். முதன்மை அமைச்சர் வாங் ஆன்ஷி பதவி விலகினார். ஜெங் ஷியா பிறகு நாடுகடத்தப்பட்டார் என்பதும் வரலாறு. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்களைப் படமெடுத்த ராணுவ அதிகாரி ஹூப்பரின் புகைப்படங்களை இதோடு வைத்துப் பாருங்கள். எலும்பும் தோலுமான உடல்களைக் குழுவாக உட்காரவைத்து, ஓரிடத்தில் நின்று எடுத்த படங்கள் அவை. அவர்கள் எந்த வழியில் வந்தார்கள், எங்கே போகவிருந்தார்கள் என்பது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நின்ற பார்வைக்கு அந்த மக்கள் காட்சிப்பொருள். வாயிலில் நின்று வருகிறவர்களைத் தொடர்ந்து கவனித்த கண்ணுக்கு அவர்கள் பயணம் செய்கிற மனிதர்கள்.

கடைசி மறுப்பு: நாறுகிற கால்வாயை ஓவியமாகப் பார்க்கச் சொல்வது, அதை அழகுபடுத்தி ஆற்றிவிடுவது ஆகாதா? அழகு என்பதை மறைப்பு என்று எடுத்துக்கொண்டால் ஆகும். சுருளின் ஒழுக்கம் வேறு. அவிழ்க்கும்போது ஒரு முழத்தைத் தாவிக்கொண்டு போக முடியாது. பிடித்த இடத்துக்கும் பிடிக்காத இடத்துக்கும் அது அதே ஒரு சாண் உயரத்தைத்தான் தருகிறது. வியாசர்பாடியை வன்முறைச் செய்திக்கும் வெள்ளச் செய்திக்கும் மட்டும் திறந்து மூடுகிற பழக்கத்தைவிட இது நேர்மையானது. அந்தச் செய்திகளுக்கு நடுவே ரவீஸ்வரர் கோயிலும், மாலையில் பந்தாட்டத்தில் நிரம்பும் மைதானங்களும், 1996-இல் பக்கிங்காம் ஆலை மூடிய பிறகும் தொடரும் வாழ்க்கையும் இருக்கின்றன. தாவாமல் பார்க்கிறவர்களுக்கே இவை தெரியும்.

ஆகவே இந்தத் தொடரின் வழியாக ஒரு கோரிக்கை. ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. பேசின் பிரிட்ஜ் அதற்குக் கூப்பிடு தூரம். பேசின் பிரிட்ஜ் முதல் எண்ணூர் வரை கால்வாயின் இரு கரைகளையும் ஒரு நீள்சுருளாகத் தீட்டும் பணியை அதன் மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 1806 முதல் இங்கே வெட்டியவர்கள், படகு வலித்தவர்கள், ஆலையில் நெய்தவர்கள், இன்று உப்பு வாருகிறவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் வேண்டும். முக்கியமாக, அதன் வாலில் நிறைய வெற்றுத்தாள் வேண்டும். கரையில் வாழ்கிறவர்கள் தாங்கள் கண்டதையும் தங்களுக்கு நேர்ந்ததையும் தங்கள் கையால் எழுத. அரசுக் கோப்புகளையும் அச்சுப்படங்களையும் வைத்து எழுதும் இதுபோன்ற வரலாறுகளில் அந்தக் குரல்கள் குறைவு. அவற்றைச் சேர்க்காமல் இந்தக் கால்வாயின் கதையை யாரும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

(அடுத்த பகுதி: 1876–78 பஞ்சமும், கூலிக்காகக் கால்வாய் வெட்டியவர்களும்.)